நாலு மோட்டரும் ஒரு நேர்த்தியும்

நல்லூரில் ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு என்ன வேலையும் செய்யலாம். சாதகம் பார்க்கலாம், வயலின் படிப்பிக்கலாம், சுவிசில் இருக்கிற பெடியனுக்குப் பொம்பிளை தேடலாம். ஊர் ஒன்றும் கேட்காது. ஆனால் "வீட்டிலை பிளேன் ஒண்டு செய்யிறன்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் சிரிக்கமாட்டார். முதலில் ஒழுங்கையின் இரண்டு அந்தத்தையும் பார்ப்பார். பிறகு குரலைத் தணித்து, "ஏன் தம்பி, நல்லாத்தானே இருந்தனீர்?" என்பார். எங்கள் பக்கத்தில் அந்த வசனத்துக்குப் போர்க்காலத்திலிருந்தே ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைப் பகிடிக்குச் சொன்னாலும் பகிடியாகக் கேட்க ஆளில்லை.

நான் செய்தது ரிமோட்டில் பறக்கிற விளையாட்டு விமானம். இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு 1.4 மீற்றர். நிறை, சந்திக் கடைத் தராசில் 1 கிலோ 150 கிராம். கடைக்காரர் நிறுத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் "வேறை என்ன?" என்று கேட்டார். மோட்டர் நாலு. ஆறு மாதமாக எங்கள் வீட்டில் நடந்த அத்தனை குழப்பத்துக்கும் அந்த நாலுதான் மூலகாரணம்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பார்ப்பதற்கென்று அத்தான் ரொறன்ரோவில் இருந்து வந்தபோது, தன்னுடைய மகன் மரத்தில் மோதி உடைத்த ட்ரோன் ஒன்றைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்தார். வெளிநாட்டுப் பிள்ளைகள் உடைத்த சாமான் எங்கள் ஊருக்கு வந்தால் புதுச் சாமான். சட்டம் நொறுங்கிக் கிடந்தது. மோட்டர்கள் நாலும் பழுதில்லை. ஒவ்வொன்றும் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. ஆனால் பற்றரியைக் கொடுத்தால் தனித்தனியே அரைக்கிலோ இழுக்கும். தங்கச்சியின் மகன், சாதாரண தரச் சோதினைக்குப் படிப்பதாகச் சொல்லப்படுகிறவன், அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, நாலு எஞ்சின் பிளேன் ஒண்டு செய்வமா?" என்றான். எனக்கு வயது நாற்பத்தாறு. கந்தோரில் இருபது வருடமாகக் கோவைகளுக்குப் பின்னால் இருப்பவன். அப்படி ஒரு கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. "செய்வம்" என்றேன்.

மனிசியைச் சமாதானப்படுத்தும் பொறுப்பை மருமகன் எடுத்தான். "மாமி, அஜித்தும் உதுதான் செய்யிறவர்." உண்மைதான். அஜித்குமார் சின்ன விமானங்கள் விடுவதில் பைத்தியமானவர். 2018-ல் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' ஆளில்லா விமானக் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். மனிசி அதை முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அவர் நடிச்சுப்போட்டுச் செய்யிறார். உன்ரை மாமா கறிவேப்பிலை வாங்கப் போறன் எண்டு நடிச்சுப்போட்டெல்லே செய்யிறார்."

புதிதாகத் தொடங்குகிறவன் ஒரு மோட்டரோடு தொடங்கவேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கின் பாலபாடம். நாலு மோட்டர் என்றால் நாலு மடங்கு வயர், நாலு மடங்கு பிழை. ஆனால் எனக்கு ஒரு முன்னோடி இருந்தார். 1911-ல் ரஷ்யாவில் இகோர் சிகோர்ஸ்கி என்ற இளைஞர், தானே கட்டிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் போய்க்கொண்டிருக்கையில் எஞ்சின் நின்று கீழே வந்தார். கழற்றிப் பார்த்தால் கார்புரேட்டர் துவாரத்தில் ஒரு நுளம்பு அடைத்துக்கொண்டு கிடந்ததாம். ஒரு நுளம்புக்குத் தோற்பதா என்று யோசித்த மனிதர், 1913-ல் நாலு எஞ்சின் பூட்டிய 'ருஸ்கி வித்யாஸ்' விமானத்தைப் பறக்கவிட்டார். உலகத்தின் முதல் நாலு எஞ்சின் விமானம் அது. முன்பக்கத்தில் ஆள் நின்று காற்று வாங்குவதற்குப் பால்கனிகூட வைத்திருந்தார். கார்த்திகை மாதத்து நல்லூர் நுளம்பைக் கண்ட எவனும் சிகோர்ஸ்கியோடு வாதாடமாட்டான்.

"எங்கடை மோட்டருக்குள்ளை கார்புரேட்டரே இல்லையே மாமா" என்றான் மருமகன். சரித்திர உணர்வு இல்லாத பிள்ளை. அந்த விமானத்தின் முடிவை மட்டும் நான் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அதே வருடம் நிலத்தில் சும்மா நின்ற அதன்மேல், மேலே போன இன்னொரு விமானத்தின் எஞ்சின் கழன்று விழுந்து இறக்கையை நொறுக்கிவிட்டது.

எங்களூரில் வெள்ளையாய், இலேசாய், தேய்த்தால் பல் கூசுகிற மாதிரிச் சத்தம் போடுவது எல்லாம் ரிஜிபோம்தான். மணவறைத் தூணும் ரிஜிபோம், பிறந்தநாள் எழுத்தும் ரிஜிபோம், மீன் அடுக்குகிற பெட்டியும் ரிஜிபோம். காசு மிச்சம் பிடிக்க நினைத்து முதல் இறக்கையைப் பாசையூரில் வாங்கிய மீன்பெட்டியில் வெட்டினேன். ஒட்டுவதற்குச் சுப்பர் குளூ விட்டேன். அந்தப் பசை இந்த வகை ஃபோமைக் கரைத்துவிடும் என்பதை அடுத்த அரை நிமிடத்தில் படித்தேன். தேத்தண்ணிக்குள் தோய்த்த பிஸ்கற் மாதிரி இறக்கை நடுவில் இறங்கியது. தப்பிய பாதியை விறாந்தையில் வைத்துவிட்டுப் படுத்தேன். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தேன். ஆனால் அது பாரைமீன் இருந்த பெட்டி என்பது அயலில் இருந்த பூனைகள் எல்லாவற்றுக்கும் தெரிந்திருக்கிறது. விடிய எழும்பிப் பார்த்தால் முற்றத்தில் பனி பெய்தது போலக் கிடந்தது. அத்தானுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "எங்கடை ஊரிலையும் சினோவோ?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் முறையாக ஃபோம் போர்ட் வாங்கப் போனேன். இரண்டு பக்கமும் கடுதாசி ஒட்டிய, 5 மில்லிமீற்றர் தடிப்பான மட்டை. புத்தகக் கடையில் இருந்த பிள்ளை, "ஒப்படைக்கோ அங்கிள்? மகன் எத்தினையாம் ஆண்டு?" என்று கேட்டது. உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. "எட்டு" என்றேன். "எட்டாம் ஆண்டுக்கு என்னத்துக்கு ஒன்பது மட்டை?" "வகுப்பிலை முதலாம் பிள்ளை" என்றேன்.

இந்த மட்டையின் சூட்சுமம் அதன் கடுதாசியில் இருக்கிறது. ஒரு பக்கத்துக் கடுதாசியையும் உள்ளே உள்ள ஃபோமையும் பிளேட்டால் கீறி, மற்றப் பக்கத்துக் கடுதாசியை மட்டும் விட்டுவிட்டால் அதுவே பிணைச்சல். மட்டை கதவு போல மடியும். இப்படி மடித்து, உள்ளே ஒரு மூங்கில் சிலாகையை நீளத்துக்கு வைத்து, சூட்டுப் பசையால் ஒட்டினால் மேல்பக்கம் வளைந்து அடிப்பக்கம் தட்டையான இறக்கை வரும். மூங்கில் சீவுவதில் எங்களுக்குக் குறைவில்லை. பட்டம் கட்டாமல் வளர்ந்த கை யாழ்ப்பாணத்தில் எத்தனை இருக்கும்? இறக்கையின் அசையும் துண்டுகளைச் சேர்வோ மோட்டரோடு தொடுக்க மெல்லிய கம்பி தேவைப்பட்டது. சைக்கிள் கடைக்குப் போய் நாலு ஸ்போக் கம்பி வாங்கினேன். "எந்தச் சில்லுக்கு?" என்றார் கடைக்காரர். "பிளேனுக்கு" என்றேன். அவர் மட்டும்தான் ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிள் கடைக்காரர்களுக்கு இந்தச் சங்கதி பரம்பரையாகத் தெரியும்போல. ரைட் சகோதரர்களே சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள்தானே.

இறக்கை முடிந்த அன்று, பசை காயட்டும் என்று மொட்டைமாடியில் வெயிலில் வைத்துவிட்டுக் கந்தோருக்குப் போனேன். மாரி தொடங்குவதற்கு முந்திய கடைசி நல்ல வெயில் அது. பின்னேரம் வந்து பார்த்தால் இறக்கை முழுக்க மோர்மிளகாய். "நல்ல வெள்ளைப் பலகை, சூடும் பிடிக்குது, காத்துக்கும் புரளேல்லை. எனக்கெண்டுதான் செய்தியள் எண்டு நினைச்சன்" என்றாள் மனிசி. மிளகாய் அருமையாகக் காய்ந்திருந்தது. இறக்கை மோர் குடித்துப் பப்படம் போல் நெளிந்திருந்தது. இரண்டாவது இறக்கையும் போயிற்று. மூன்றாவது இறக்கையைக் கட்டிலுக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டுப் படுத்தோம். அது மனிசியின் நெற்றியில் ஒருநாள் விழுந்த கதையை அவள் சொல்வதுதான் முறை.

பற்றரி அத்தானுடைய கைப்பையில் வந்தது. லிப்போ பற்றரியைப் பெரிய பெட்டிக்குள் போட்டு விமானத்தில் அனுப்ப விடமாட்டார்கள், கையோடுதான் கொண்டுவரவேண்டும். 11.1 வோல்ற், உள்ளங்கையில் அடங்கும். அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 1990-ல் பொருளாதாரத் தடை வந்தபோது எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்துக்குள் கொண்டுவரக் கூடாத சாமான்களில் பற்றரியும் ஒன்று. பேனை அளவு ரோச் பற்றரி ஒன்று வைத்திருந்தவன் எங்கள் வகுப்பில் ஜமீன்தார். றேடியோ கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் பெடல் சுற்ற, டைனமோவில் வருகிற கரண்டில் மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். பெடல் சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துவிடுவார். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் படித்தவன் நான். இப்போது என் மேசையில் இருப்பதை வைத்து அந்தக் காலத்தில் ஒழுங்கை முழுவதுக்கும் பாட்டுப் போட்டிருக்கலாம். நான் அதை நாலு விசிறி சுற்றி ஆறு நிமிடத்தில் தீர்க்கப் போகிறேன். அம்மாவுக்குக் கணக்குச் சொல்லவில்லை.

நாலு மோட்டரில் இரண்டு வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுற்றவேண்டும். இல்லாவிட்டால் விமானத்துக்கு ஒரு பக்கம் சரிகிற வியாதி வரும். ரைட் சகோதரர்கள் தங்கள் ஒற்றை எஞ்சினிலிருந்து இரண்டு விசிறிக்கும் சங்கிலி போட்டார்கள். அதில் ஒரு சங்கிலியை எட்டு வடிவில் குறுக்கே மாட்டி ஒரு விசிறியை எதிர்ப்பக்கம் சுற்றவைத்தார்கள். 1903 டிசெம்பர் 17 அன்று 12 செக்கனில் 120 அடி போனது அந்த ஏற்பாடு. எங்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. மோட்டரிலிருந்து வருகிற மூன்று வயரில் எந்த இரண்டை மாற்றிக் கொழுவினாலும் சுழற்சி மாறும். இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. அதனால்தான் பிழைவிட்டேன்.

முற்றத்தில் வைத்து முதல்தரம் மோட்டர் போட்டபோது விமானம் முன்னுக்குப் போகவில்லை. முட்டையிட இடம் தேடும் கோழி மாதிரி நின்ற இடத்தில் சுற்றியது. துளசிமாடத்தை ஒரு தரம் வலம் வந்து, செவ்வரத்தையின் மூன்று பூவை அரிந்து கீழே போட்டுவிட்டு நின்றது. வலப்பக்கம் இரண்டும் முன்னுக்கு இழுக்க, இடப்பக்கத்தில் ஒன்று பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. மருமகனுக்கு இதை விளங்கப்படுத்த அதிக நேரம் எடுக்கவில்லை. "தேர் இழுத்திருக்கிறாய்தானே? ஒரு வடத்திலை நிக்கிற ஆக்கள் மற்ற வடத்திலை நிக்கிற ஆக்களைவிடக் கூட இழுத்தால் என்ன நடக்கும்?" "திரும்பும்." "அதுதான் இது." "தேருக்கெண்டால் முட்டுக்கட்டை போடுவினம் மாமா. இதுக்கு?" இதற்குச் செவ்வரத்தைதான்.

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்திருந்தா. எழுபத்தெட்டு வயது. முற்றத்துக்கு இறங்கவில்லை. வாசல் நிலைக்குக் கீழே, இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. எனக்கு அந்த இடமும் தெரியும், அந்த நிற்பும் தெரியும். பங்கருக்கு ஓட நேரமில்லாத நாட்களில் எங்களை அந்த நிலைக்குக் கீழேதான் இழுத்து வைத்துக்கொண்டு நிற்பா. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு ரேடார் அம்மாதான். ஹெலியா, பொம்மரா, சகடை என்கிற குண்டுவீச்சு விமானமா, எந்தத் திக்கு, வருகுதா போகுதா, அடுப்பில் இருக்கிற கறியை இறக்கிவைத்துவிட்டுப் போக நேரம் காணுமா, எல்லாவற்றையும் சத்தத்தை வைத்தே சொல்லுவா. ஒருநாளும் பிழைத்ததில்லை. பிழைத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

பற்றரியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். இரண்டு நாள் விமானத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை, தேத்தண்ணியோடு வந்து அம்மாவே கேட்டா: "ஏன் மோனை, உதை நிப்பாட்டிப்போட்டாய்?"

"சத்தம் உங்களுக்கு..."

"எனக்கென்ன? இது குண்டு போடுறதோ? ஆனா உதிலை ஒண்டு மற்றதுகளோடை சேரேல்லை. அதைப் பார்."

வயரை மாற்றி, நாலும் சரியான பக்கம் சுற்றுகிறதென்று உறுதிப்படுத்திக்கொண்டு மறுபடி போட்டேன். அம்மா கதிரை கொண்டுவந்து முற்றத்தில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. "வூம்… வூம்… எண்டு ஏறி இறங்குது கேக்குதோ? நாலும் ஒண்டாச் சுத்தினால் உப்பிடிக் கேளாது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு விசிறி செக்கனுக்கு 100 அதிர்வும் பக்கத்து விசிறி 101 அதிர்வும் கொடுத்தால், இரண்டு சத்தமும் செக்கனுக்கு ஒருதரம் சேர்ந்து ஒருதரம் விலகும். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறவர் காது வைத்துக் கேட்பதும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். ஒன்றுக்கு மேற்பட்ட விசிறி உள்ள விமானங்களின் ஓட்டிகளும் இந்த 'வூம் வூம்' அடங்கும்வரை எஞ்சின்களை ஒன்றோடொன்று இணக்குவார்கள். இரண்டாம் உலகப் போரில் லண்டன்காரர் இரவில் ஜெர்மன் விமானத்தை அடையாளம் கண்டதும் இந்த ஏறி இறங்கும் உறுமலை வைத்துத்தான். அம்மா லண்டனுக்குப் போனதில்லை. பாடத்தை வீட்டிலேயே படித்திருக்கிறா.

மோட்டருக்கு எவ்வளவு கரண்ட் போகவேண்டும் என்று கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கிறது. ரிமோட்டின் கைபிடியில் எது பூச்சியம், எது முழு வேகம் என்று அந்த நாலு பெட்டிக்கும் ஒன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் மூன்றுக்குச் சொல்லிவிட்டு நாலாவதை மறந்திருந்தேன். சொல்லிக்கொடுத்த பிறகும் அம்மாவுக்குத் திருப்தி வரவில்லை. "இடப்பக்கம், கரையிலை நிக்கிறது." கழற்றிப் பார்த்தால் அந்த விசிறியின் நுனியில் ஒரு அரிசி அளவு உடைந்திருந்தது. செவ்வரத்தையோடு சண்டை பிடித்தது அதுதான். புது விசிறி போட்டதும் நாலும் ஒரே சுருதியில் நின்றன. "ம்" என்றா அம்மா. கண்ணைத் திறந்து, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தா.

நிறம் பூசும்போது ஒரு பிரச்சினை. மருமகன் சாம்பல் நிறம் கேட்டான். வீடியோக்களில் வருகிற நாலு மோட்டர் விமானங்கள் பெரும்பாலும் சி-130 சாயலில் சாம்பலாகத்தான் இருக்குமாம். எங்கள் வானத்தில் அந்த நிறம் போதும் போதும் என்று பார்த்துவிட்டோம். தவிர, தூரத்தில் போகும்போது மேல் எது கீழ் எது என்று தெரிய இறக்கையின் அடியில் எடுப்பான பட்டை இருக்கவேண்டும். கையில் இருந்த பெயின்ற் சிவப்பும் வெள்ளையும். பூசி முடித்த பிறகுதான் பார்த்தேன், அச்சொட்டாகக் கோயில் வீதி மதில். அதை ஓட்டோவில் ஏற்றும்போது அந்தப் பக்கம் போன ஆச்சி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

பறக்கவிட இடம் வேண்டும், அனுமதியும் வேண்டும். இந்த நாட்டில் ஆளில்லாமல் பறக்கிறவற்றுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகள் உண்டு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் பறப்பதையே தடுத்து வைத்திருந்தார்கள். அதே வருடம் ஒக்ரோபரில் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து இரண்டு விசிறி ஏ.ரி.ஆர். விமானம் வந்து போகிற வானத்துக்குள் நான் நாலு விசிறியோடு போய் நிற்கக்கூடாது. ஆகவே கடுதாசி வேலை தொடங்கியது. முதலில் விதானையாரிடம் போனேன். அவர் விண்ணப்பத்தை இரண்டு தரம் வாசித்தார். "பிளேனுக்கு நான் என்ன எழுதித் தாறது? எனக்கு வழமையா வாறது வதிவிடமும் நற்சாட்சியும்தான்" என்றார். கடைசியில் அதையே எழுதினார்: மேற்படி நபர் இப்பிரிவில் வசிப்பவர், நல்லொழுக்கமுடையவர். வதிவிடம் பறப்பதற்கு எப்படி உதவும் என்று நான் கேட்கவில்லை. கடுதாசிகள் எல்லாம் கைக்கு வந்துசேர இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் விமானம் ஒருதரம்கூடப் பறக்காமல் மூன்றுதரம் திருத்தப்பட்டது.

இடத்துக்கு, நல்லூரிலிருந்து கிட்டடியில் திறந்த வெளி என்றால் எவரும் செம்மணியைத்தான் காட்டுவார்கள். மனிதப் புதைகுழிகள் தோண்டப்பட்ட அந்த மண்ணின்மேல் நின்று விளையாட எனக்கு மனம் வரவில்லை. மருமகனும் ஏனென்று கேட்கவில்லை. அரியாலைப் பக்கம் அறுவடை முடிந்த வயல் ஒன்றைத் தெரிந்தெடுத்தோம்.

புறப்படுவதற்கு முன் மனிசியின் சித்தப்பா வந்து பார்த்தார். வடமராட்சிக்காரர். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கிற பட்டப்போட்டியை ஒரு வருடமும் தவறவிடாதவர். 2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பட்டம் ஒன்று ஒரு பெடியனைக் கயிற்றோடு வானத்துக்குத் தூக்கிய வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியதே, அதைப் பற்றிக் கேட்டால், "கயித்தை விடவேண்டிய நேரத்திலை விடேல்லை" என்று மட்டும் சொல்வார். அவர் விமானத்தைச் சுற்றிவந்து, "முச்சை எங்கை?" என்று கேட்டார். பட்டத்தை நூலோடு சேர்க்கிற அந்த முடிச்சுக் கட்டு ஒரு விரலளவு பிசகினாலும் பட்டம் குத்திவிடும்.

"இதுக்கு நூல் இல்லை, சித்தப்பா."

"நூல் இல்லாட்டிலும் முச்சை இருக்கும்" என்றவர், இரண்டு சுட்டுவிரலையும் இறக்கைக்கு அடியில், முன்விளிம்பிலிருந்து கால்வாசிக்குச் சற்றுப் பின்னே வைத்துத் தூக்கினார். வால் பொத்தென்று கீழே போனது. "பாத்தியோ? வால் பாரமானது பட்டமுமில்லை, பிளேனுமில்லை. அது குத்துக்கரணம். மூக்குக்கு ஏதாவது கட்டு." நான் இணையத்தில் மூன்று நாள் படித்த ஈர்ப்பு மையத்தை அவர் இரண்டு விரலில் சொல்லிவிட்டார். பாசையூரில் மீன்வலை ஈயம் 70 கிராம் வாங்கி மூக்குக்குள் ஒட்டினோம்.

மாசி மாதம், விடியக் காலை, காற்றில்லை. மருமகன் கையால் எறிந்தான். விமானம் எழும்பியது. உண்மையாகவே எழும்பியது. நேரே போய், வட்டமடித்து, எங்களை நோக்கித் திரும்பியது. அங்கேதான் கோளாறு. விமானம் எங்களைப் பார்த்து வரும்போது அதன் வலம் எங்கள் இடம். இது எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் திருப்ப நினைத்து வலப்பக்கம் திருப்பினேன், இன்னும் திருப்பினேன். வயலின் கரையில் ஒரேயொரு பனை நின்றது. இவ்வளவு பெரிய வெளியில் அந்த ஒன்றைத் தேடிப் போய் அதன் வட்டுக்குள் விமானம் இருந்துகொண்டது.

பனையேறத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து இறக்கும்போது பத்து மணி. அவர் முதலில் ஒரு கொக்குப்பட்டத்தைக் கீழே போட்டார். பிறகு இன்னொன்று, பெட்டிப்பட்டம். "இதுகளும் உங்கடையோ?" என்று மேலிருந்து கேட்டார். பிறகுதான் எங்கள் விமானம் வந்தது. இறக்கை தப்பியிருந்தது. மூக்குப் பிய்ந்து, ஈயம் எங்கேயோ விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசாமல் சாமியறைக்குப் போனா. மஞ்சள் துண்டில் எதையோ முடிந்துகொண்டு வந்தா. "கந்தனுக்கு நேர்ந்திருக்கிறன். இது பத்திரமாப் பறந்து இறங்கினால் காசை உண்டியலிலை போடுறதெண்டு." எட்டுப் பத்து ரூபாய்க் குற்றி, கூட ஒரு ரூபாய், அர்ச்சனைக்கு. நல்லூரில் அர்ச்சனை இன்றைக்கும் ஒரு ரூபாய்தான். இந்த விமானத்துக்கு இதுவரை ஆன செலவில் பேரம் பேசாமல் கொடுத்தது அது ஒன்றுதான். முடிச்சைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பிறகு கடைத் தராசுக்குக் கொண்டு ஓடினேன். 70 கிராமுக்கு ஒன்றிரண்டு கூடுதல். மூக்குக்குள் வைத்து, இரண்டு விரலில் தூக்கினேன். விமானம் அசையாமல் நேராக நின்றது.

அடுத்த ஞாயிறு அம்மாவையும் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். பனைக்கு எதிர்த் திசையில் நின்றேன். மருமகன் எறிந்தான். சிவப்பும் வெள்ளையுமாக அது எழும்பி, வயலைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று வட்டம் வந்தது. நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை. அம்மா மேலே பார்க்கவேயில்லை. கதிரையில் இருந்து, கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தா. விமானம் தலைக்கு மேலால் போனபோது மட்டும் சொன்னா: "இப்ப சேர்ந்து போகுது. இறக்கு, பற்றரி களைக்குது." ரிமோட்டின் எச்சரிக்கைச் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. வைக்கோல் அடிக்கட்டைகள் மேல் உரசிக்கொண்டு இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நாலு நிமிடம் பத்துச் செக்கன். ரைட் சகோதரர்களின் முதல் பறப்பைவிட இருபது மடங்கு. மருமகன் வயலைச் சுற்றி ஓடினான். நான் ஓடவில்லை, கால் நடுங்கியது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவுமுன் அம்மா கையை நீட்டினா. "கொண்டா."

"எதை?"

"நேர்த்திக்காசை. பறந்து இறங்கிவிட்டுதெல்லே? முருகனுக்குக் கடன் வைக்கக்கூடாது."

"அம்மா, அது மூக்குப் பாரம். அதை எடுத்தால் பிளேன் பறக்காது."

"வேறை ஏதாவது வை."

வேறை வைக்கலாம்தான். ஈயம் இருக்கிறது, ஆணி இருக்கிறது. ஆனால் ஒரு ரூபாய் அர்ச்சனையோடு பறந்த விமானத்தில் இனி ஆணியை வைத்துப் பறக்கவிட எனக்கும் துணிவில்லை, மருமகனுக்கும் துணிவில்லை. பனையை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். அடுத்த நாள் காலைப் பூசைக்கு அம்மா போய்க் காசைப் போட்டுவிட்டு விபூதியோடு வந்தா. நான் கேட்டேன்: "அப்ப இன்னொரு நேர்த்தி வையுங்கோவன், அம்மா."

"வைச்சிட்டன். பேரன்ரை சோதினைக்கு. அது பாஸ் பண்ணட்டும், பிறகு பிளேனுக்கு முடிஞ்சு தாறன். ஒரேயடியாய் அவரைக் கரைச்சல்படுத்தக்கூடாது."

விமானம் இப்போது விறாந்தையில் தொங்குகிறது, மூக்கு மேலே, வால் கீழே. பெடியன் உண்மையாகவே படிக்கிறான்.